டிராகுலா முதல்முறை படித்தேன்: பூண்டைவிட டைப்ரைட்டருக்குத்தான் பயந்திருக்க வேண்டும்

தண்டையார்பேட்டை மாணவி

பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் கோத்திக் இலக்கியம் (பயமும் மர்மமும் கலந்த கதைகள்) வருகிறது, அதற்காக பிராம் ஸ்டோக்கரின் டிராகுலாவை எடுத்தேன். பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவள். கைடு இல்லாமல் ஓர் ஆங்கில நாவலை முதலிலிருந்து கடைசிவரை படித்தது இதுதான் முதல்முறை. முடித்த பிறகும் மனசு அதிலேயே கிடக்கிறது. வீட்டில் சொன்னால் "பேய்க்கதையா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கதையை முழுசாகப் பேசப் போகிறேன், படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

சினிமாவில் பார்த்த கறுப்பு அங்கியும் இடிமின்னலும் முதல் பக்கத்தில் இல்லை. ஜோனதன் ஹார்க்கர் என்ற இளம் வக்கீல் மே 3ஆம் தேதி நாட்குறிப்பு எழுதுகிறான். வியன்னாவுக்கு 6.46க்குப் போய்ச் சேர வேண்டிய ரயில் ஒரு மணி நேரம் லேட். அப்புறம் ஓட்டலில் சாப்பிட்ட மிளகாய்த்தூள் போட்ட கோழி. நன்றாக இருந்ததாம், தண்ணீர் தவித்ததாம், கட்டிக்கொள்ளப் போகும் மினாவுக்காகச் செய்முறை வாங்க வேண்டுமாம். இப்படிப்பட்ட ஒருவன் எழுதுவதால்தான் பின்னால் அவன் சொல்வதையெல்லாம் நம்பினேன்.

சவரம் செய்யும் இடம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஹார்க்கர் போய்த் தங்கும் டிராகுலா பிரபுவின் கோட்டையில் எங்குமே கண்ணாடி கிடையாது. தன் சின்னக் கண்ணாடியை ஜன்னலில் மாட்டிக்கொண்டு ஹார்க்கர் சவரம் செய்கிறான். தோளில் ஒரு கை படுகிறது, காலை வணக்கம் சொல்லும் குரல் கேட்கிறது. கண்ணாடியில் பின்னால் உள்ள அறை முழுக்கத் தெரிகிறது, ஆள் மட்டும் இல்லை. கத்தி லேசாகக் கீறி மோவாயில் ரத்தம் இறங்குகிறது. பிரபு சட்டென்று அவன் தொண்டையைப் பிடிக்கப் பாய்கிறான். சிலுவை கோத்த மணிமாலையில் கை பட்டதும் அந்த வெறி இறங்கிவிடுகிறது. உடனே கண்ணாடியை எடுத்து ஜன்னல் வழியாக வீசுகிறான். இதையெல்லாம் எழுதிவிட்டு, இனி எதைப் பார்த்துச் சவரம் செய்வது, கடிகார மூடியிலா என்று எரிச்சல்படுகிறான் ஹார்க்கர். அந்த எரிச்சல்தான் என்னை நடுங்க வைத்தது.

இப்போது நான் சொல்ல வந்தது. 27 அத்தியாயங்களிலும் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: யாரோ ஒருவர் இன்னொருவரின் நன்மைக்கென்று உண்மையை மறைக்கிற இடத்தில்தான் டிராகுலா உள்ளே வருகிறான். மினாவின் தோழி லூசியின் அறையில் டாக்டர் வான் ஹெல்சிங், டிராகுலாவைத் தடுக்கப் பூண்டுப் பூ மாலை கட்டுகிறார், ஏன் என்று அவள் அம்மாவிடம் சொல்வதில்லை. அந்த அம்மாவுக்கு இதய நோய், அதிர்ச்சி கூடாதாம். அம்மாவோ நெடி தாங்காமல் மகள் நலனுக்காகவே பூவை எடுத்துப் போட்டு ஜன்னலையும் திறந்துவிடுகிறார். அவ்வளவு நடந்தும் இவர்கள் பாடம் படிக்கவில்லை. செப்டம்பர் கடைசியில் மினாவிடம், "இது பெண்களுக்கான வேலை இல்லை, இனி உனக்கு எதுவும் சொல்ல மாட்டோம்" என்கிறார்கள். அக்டோபர் 3 விடியும் முன்பே அவள் கழுத்தில் பல் பதிந்துவிடுகிறது. அதே வீட்டில்! ஆண்கள் எல்லாம் அவளைக் காப்பாற்றுகிறோம் என்று டிராகுலாவின் மண்பெட்டிகளைத் தேடி வெளியே அலைந்துகொண்டிருந்தபோது!

எல்லாரும் எழுதியதை எல்லாரும் படித்த பிறகுதான் அவர்கள் கை ஓங்குகிறது. சரியாகத்தான் படித்திருக்கிறேனா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

வண்ணாரப்பேட்டை ஸ்டெனோ

சரியாகத்தான் பிடித்திருக்கிறாய்மா. நான் தட்டச்சு ஹையரும் சுருக்கெழுத்தும் பாஸ் செய்து சர்வீஸ் முழுக்க ஸ்டெனோவாக இருந்தவள். ஒரு காலத்தில் எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட், காலை ஆறு மணிக்கே சத்தம் தொடங்கிவிடும். அதனால் இந்த நாவலில் என் கண் போன இடமே வேறு.

ஹார்க்கரின் நாட்குறிப்பு ஏன் தப்பியது? சுருக்கெழுத்தில் இருந்தது. கோட்டையிலிருந்து மினாவுக்கு அவன் ரகசியமாக அனுப்பப் பார்த்த சுருக்கெழுத்துக் கடிதம் பிரபுவின் கையில் சிக்குகிறது. புரியாத குறிகளைப் பார்த்ததும் அவன் முகம் மாறுவதைப் பார், கோபத்தில் விளக்கில் காட்டி எரித்துவிடுகிறான். அவ்வளவு மொழி தெரிந்தவனுக்கு இது மட்டும் தெரியவில்லை.

அப்புறம் டாக்டர் சூவர்ட். அந்தக் காலத்துப் புதுக் கருவியான ஃபோனோகிராஃபில் மெழுகு உருளையில் பேசிப் பேசியே மாதக்கணக்கில் நாட்குறிப்பு வைக்கிறார். மினா வந்து லூசி செத்த விவரத்தைக் கேட்டதும்தான், குறிப்பிட்ட ஓர் இடத்தை எப்படித் தேடி எடுப்பது என்றே தனக்குத் தெரியாது என்பது அவருக்கு உறைக்கிறது! மினா உட்கார்ந்து அத்தனையையும் கேட்டு டைப் செய்கிறாள், தேதிவாரியாக அடுக்குகிறாள், பிரதி எடுத்து வைக்கிறாள். பின்னால் டிராகுலா புகுந்து கையெழுத்துக் காகிதங்களையும் மெழுகு உருளைகளையும் நெருப்பில் போட்டபோது, பெட்டகத்தில் இன்னொரு பிரதி இருந்ததால்தான் பிழைத்தார்கள். நகல் எடுத்து வைத்தவளின் வேலை அது. கதையின் கடைசிக் குறிப்பில்கூட, கையில் இருப்பது டைப் அடித்த தாள்கள்தான், மூல ஆவணம் என்று ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்று ஹார்க்கர் சொல்கிறான். நாம் படிப்பதே மினா அடித்த பிரதியைத்தான்.

பழைய புத்தகம்

தங்கச்சிக்கு ஒரு தகவல். இந்த நாவல் 1897 மே மாதம் லண்டனில் வந்தது, மஞ்சள் அட்டையில் சிவப்பு எழுத்து. ஸ்டோக்கர் டப்ளின்காரர், லண்டன் லைசியம் நாடக அரங்கின் மேலாளர். நடிகர் ஹென்றி இர்விங்கிடம் 1878 முதல் வேலை பார்த்தவர். கணக்கும் கடிதமும் எழுதியே பழகிய கை. டிரான்சில்வேனியா பக்கம் அவர் போனதே இல்லை. 1890இல் விட்பி என்ற கடலோர ஊரில் தங்கியபோது அங்கிருந்த நூலகத்துப் பழைய புத்தகம் ஒன்றில்தான் டிராகுலா என்ற பெயரைப் பிடித்தார். பெயர், ரயில் நேரம், மலைப்பாதை எல்லாமே படித்துச் சேர்த்தவை.

ராயபுரம் கிளியரிங்

ஹார்பரில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை. பையன் படிக்கிறானே என்று தமிழில் சுருக்கமாக வந்ததை எடுத்தேன், பிறகு ஆங்கிலத்திலும் தட்டுத்தடுமாறிப் படித்து முடித்தேன். ஒன்று சொல்கிறேன், டிராகுலாவைப் பிடித்துக் கொடுத்தது பில் ஆஃப் லேடிங், அதாவது கப்பல் சரக்குக்கான ரசீது.

அவனால் சொந்த ஊர் மண்ணில்லாமல் படுக்க முடியாது. ஆகவே 50 பெட்டி மண்ணை வார்னா துறைமுகத்திலிருந்து டிமீட்டர் கப்பலில் ஏற்றுகிறான். விட்பியில் ஒரு வக்கீல் பெயருக்குச் சரக்கு, அங்கிருந்து ரயிலில் லண்டன், லண்டனில் லாரி கம்பெனி மாதிரி ஒரு வண்டிக் கம்பெனி, கடைசியில் அவன் வாங்கிய கார்ஃபாக்ஸ் மாளிகை. ஒவ்வொரு கைக்கும் தனித்தனி ஏஜென்ட், ஒருத்தனுக்கும் முழு விஷயம் தெரியாது. எங்கள் தொழிலில் சரக்கு எதற்கு என்று கேட்க மாட்டோம், பேப்பர் சரியா என்றுதான் பார்ப்போம். அந்தப் பழக்கத்தை அவன் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டான்.

ஆனால் பேப்பர் இருந்தால் தடமும் இருக்கும். ஹார்க்கர் என்ன செய்கிறான் பாருங்கள். வக்கீல் ஆபீஸ் கடிதங்களைப் பார்க்கிறான், ரயில் கணக்கைப் பார்க்கிறான், வண்டிக்காரர்களைத் தேடிப்போய்ப் பேசுகிறான். அதில் ஒருத்தர் பேன்ட் பின்னாலிருந்து ஒரு நோட்டை உருவுகிறார், ஓரமெல்லாம் மடங்கி, பென்சில் எழுத்து பாதி அழிந்து. அதே நோட்டை இன்றைக்கும் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் வரிசையில் நிற்கும் எந்த டிரைவரிடமும் பார்க்கலாம். அந்த நோட்டிலிருந்து கணக்கு வருகிறது: மைல் எண்டில் ஒரு வீட்டில் 6, பெர்மண்ட்சியில் 6. வேறொரு வண்டிக்காரர் சொல்லி பிக்கடில்லியில் 9. கார்ஃபாக்ஸில் மிச்சம் 29. கூட்டினால் 50. படித்துக்கொண்டிருக்கும்போதே கணக்குப் போட்டுப் பார்த்தேன், டேலி ஆகிறது. பிக்கடில்லியில் போய்த் திறந்தால் 9க்கு 8தான். அந்த ஒரு பெட்டியைத் துரத்துவதுதான் மீதிக் கதை.

அந்தப் பெட்டியோடு அவன் ஊர் திரும்பும் கப்பல் எங்கே வந்திருக்கிறது என்று லாய்ட்ஸ் என்ற கப்பல் காப்பீட்டு அமைப்பு தினமும் தந்தி தருகிறது. டார்டனெல்ஸ் நீரிணையைத் தாண்டியது என்று தகவல். வார்னாவில் இவர்கள் காத்திருக்க, கப்பல் கலாட்ஸ் துறைமுகத்துக்குப் போய்விட்டது என்று இன்னொரு தந்தி. அந்த இடத்தில் எனக்குத் தூக்கம் போனது. துறைமுகம் மாறிப்போன சரக்கு என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும்.

புதியவன்

ஒரு சின்ன சந்தேகம். வெயில் பட்டால் சாம்பலாகிவிடுவானே, அப்புறம் எதற்கு இவ்வளவு துரத்தல்?

பழைய புத்தகம்

நாவலில் அப்படி இல்லை தம்பி. பகலிலும் நடமாடுவான், சக்தி குறையும், அவ்வளவுதான். லண்டன் பிக்கடில்லியில் பட்டப்பகலில் ஹார்க்கரே அவனைப் பார்த்து மயங்கிப்போகிறான். வெயிலில் மறைகிற கதை 1922இல் வந்த ஜெர்மன் மௌனப் படம் நொஸ்ஃபெராட்டுவில் தொடங்கியது. கடைசியில் மார்பில் கட்டை இறக்கி அவனைக் கொல்வதும் இல்லை. ஹார்க்கரின் குக்ரி கழுத்தை அறுக்கிறது, அமெரிக்கரான குவின்சியின் கத்தி நெஞ்சில் இறங்குகிறது. குக்ரி, நம் கூர்க்கா வீரர்கள் இடுப்பில் வைத்திருக்கும் அதே கத்திதான்.

பெரம்பூர் எம்.ஏ.

தங்கையின் வாசிப்பு நன்றாக இருக்கிறது. ஆனாலும் இந்த நாவலை இவ்வளவு நம்பிக்கையோடு கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. கிழக்கிலிருந்து ஒருவன் லண்டனுக்கு வருகிறான், அங்குள்ள பெண்களைக் கெடுக்கிறான், ரத்தத்தைக் கலக்கிறான் என்ற பயம்தான் இதன் அடி. உலகத்தில் பாதியைப் பிடித்து வைத்திருந்தவர்கள், நம்மையும் ஒருவன் வந்து பிடித்துவிடுவானோ என்று பயந்த காலத்துக் கதை. ஜிப்சிகள் கூலிக்கு ஆடும் கூட்டமாக வருகிறார்கள். கலாட்ஸில் வரும் யூத வணிகரை எழுதியிருக்கும் விதம் அருவருப்பு. குக்ரி என்று பெருமைப்படுகிறோம், அது எப்படி ஓர் ஆங்கில வக்கீலின் கைக்குப் போனது என்று யோசிக்க வேண்டாமா?

லூசி விஷயமும் உறுத்துகிறது. மூன்று பேர் ஒரே நாளில் கல்யாணம் கேட்கிறார்கள். மூவரையுமே கட்டிக்கொள்ள ஒரு பெண்ணை விட்டால் என்ன என்று தோழிக்கு விளையாட்டாக எழுதுகிறாள். அந்தப் பெண்ணைத்தான் கதை பலி வாங்குகிறது, அதுவும் கட்டிக்கொள்ள இருந்தவன் கையாலேயே. மினாவைப் புகழும்போதுகூட ஆணின் மூளை என்கிறார் வான் ஹெல்சிங். நீ மினாவைத் தூக்கிப் பிடிக்கிறாய், ஸ்டோக்கர் அந்த அளவுக்குப் பிடித்தாரா என்பதுதான் என் கேள்வி.

தண்டையார்பேட்டை மாணவி

அக்கா, யூத வணிகர் பற்றிய பகுதி எனக்கும் கசந்தது. லூசியின் கல்லறைக் காட்சியை என்னால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை. இதையெல்லாம் மறுக்கவே மாட்டேன்.

வெளியூரான் என்ற பேச்சில் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். கோட்டையில் பிரபுவின் நூலகம் வருகிறதே, அந்த இடத்தில் நான் முழுக்க அவன் பக்கம் இருந்தேன். லண்டன் டைரக்டரி, பஞ்சாங்கம் மாதிரி ஆண்டுக் கையேடு, ரயில் அட்டவணை, வக்கீல்கள் பட்டியல் என்று மேசை நிறைய வைத்துக்கொண்டு படிக்கிறான். ஆங்கில இலக்கணம் தெரியும், சொற்கள் தெரியும், பேசத்தான் தெரியவில்லை என்கிறான். லண்டனில் வாயைத் திறந்தால் இவன் அந்நியன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள், தன் பேச்சைக் கேட்டு ஒருவரும் நின்று பார்க்கக் கூடாது என்கிறான். எங்கள் கல்லூரியில் முதல் வாரம் நான் வாய் திறந்தபோது பின்வரிசையில் சிரித்தார்கள். ஆங்கிலத்துக்கு மட்டுமில்லை, என் தமிழுக்கும். "காசிமேடா?" என்று கேட்டார்கள். ஆகவே அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

ஆனால் அதே பேச்சில் அவன் அடுத்து சொல்வதைக் கவனியுங்கள். இத்தனை காலம் எஜமானாக இருந்துவிட்டேன், இனியும் எஜமானாகத்தான் இருப்பேன், குறைந்தபட்சம் எனக்கு எஜமான் எவனும் இருக்கக் கூடாது என்கிறான். நான் பேச்சைத் திருத்திக்கொள்ளப் பார்ப்பது நாலு பேரோடு சமமாக உட்கார. அவன் கற்றது கூட்டத்தில் தெரியாமல் கலந்து வேட்டையாட. சொந்த ஊரிலும் அவன் ஜமீன்தார்தான். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கோட்டை வாசலில் வந்து கதறுகிறாளே, அவள்மீது ஓநாய்களை ஏவுகிறான். அவளும் கிழக்குக்காரிதான் அக்கா. அவளுக்காக அந்த ஊரில் யாருமே வரவில்லை.

ரத்த வங்கி

ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் டெக்னீஷியன். லூசிக்கு, அவளைக் கட்டிக்கொள்ள இருந்த ஆர்தர், சூவர்ட், வான் ஹெல்சிங், குவின்சி என நாலு பேர் வரிசையாக ரத்தம் கொடுக்கிறார்கள். குரூப் பார்ப்பது, கிராஸ் மேட்ச் எதுவுமே இல்லை. கார்ல் லேண்ட்ஸ்டைனர் ரத்த வகைகளைக் கண்டுபிடித்து எழுதியதே 1901இல், நாவல் வந்து நாலு வருஷம் கழித்து. பொருந்தாத ரத்தம் ஏறினால் சிவப்பணு உடையும், சிறுநீரகம் அடிபடும், உயிரே போகலாம். அந்த நாலு ஊசியில் ஒன்றே அவளைக் கொன்றிருக்கலாம். அந்தக் காலத்து மருத்துவர்களுக்குச் சிலர் பிழைக்கிறார்கள், சிலர் சாகிறார்கள் என்று மட்டும் தெரியும், ஏன் என்று தெரியாது. ஸ்டோக்கரின் அண்ணன் ஒருவர் அறுவை மருத்துவர் என்பது இந்தப் பக்கங்களில் தெரிகிறது. ரத்தம் உறையாமல் இருக்கச் செய்யும் வேலை வேண்டியதில்லை என்று வான் ஹெல்சிங் போகிற போக்கில் சொல்வார், விஷயம் தெரிந்தவரிடம் கேட்டு எழுதியது அது.

காசிமேடு போட்டுக்காரர் மகன்

மாணவி எழுதாமல் விட்ட ஆள் ஒருவர் இருக்கிறார்: விட்பி கல்லறைத் தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கிழவர் ஸ்வேல்ஸ். நூறு வயதை நெருங்கியவர், வாலிபத்தில் கிரீன்லாந்து பக்கம் மீன்பிடிக்கப் போனவர். அவர் பேச்சு கொச்சை என்று பல பேர் அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு வாய்விட்டுப் படித்தால் ஓசை பிடிபட்டது, எங்கள் பெரியப்பா வலை பின்னிக்கொண்டே பேசுகிற மாதிரி.

அவர் சொல்வது என்ன? இந்தக் கல்லில் எல்லாம் "இங்கே உறங்குகிறார்" என்று வெட்டியிருக்கிறதே, பாதிக்கு அடியில் உடலே இல்லை, எல்லாம் கடலில் கிடக்கிறது, கல் பொய் சொல்கிறது என்று கோபப்படுகிறார். யார் யார், எந்தக் கடலில் போனார்கள் என்று பேர் சொல்லிக் காட்டுகிறார். எங்கள் பக்கத்திலும் உடல் கிடைக்காத வீடுகள் உண்டு. படத்துக்கு மாலை போடுவதா வேண்டாமா என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. சட்டப்படி காணாமல் போனவர் இறந்தார் என்று எடுத்துக்கொள்ள ஏழு வருஷம் ஆகும், அதுவரை ஒரு சர்டிபிகேட் வாங்க அலைய வேண்டும். செத்தும் சாகாதவன் பற்றிய நாவலில், செத்தாரா இல்லையா என்றே தெரியாதவர்களுக்காக ஒரு கிழவர் கோபப்படுகிறார். அது சும்மா இடத்தை நிரப்ப எழுதியது என்று எனக்குத் தோன்றவில்லை.

டிமீட்டர் கேப்டனும் அப்படித்தான். ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். கடைசியில் அவர் சக்கரத்தோடு தன் கையைக் கட்டிக்கொள்கிறார், சிலுவையையும் சேர்த்து. செத்த கையோடு கப்பல் கரை சேர்கிறது. நடந்ததை எழுதி பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறார். அவரும் எழுதி வைத்தவர்தான், மாணவி சொன்ன பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணூர்

மறைப்பதுதான் கதவைத் திறந்துவிடுகிறது என்று நீ எழுதியதைப் படித்ததும் 2023 டிசம்பர் 26 இரவுதான் நினைவுக்கு வந்தது. பெரியகுப்பம் பக்கம் கடலுக்கு அடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. நள்ளிரவு நெருங்கும் நேரம், கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடுகிறோம். என்ன வாயு, எந்தப் பக்கம் ஓட வேண்டும், ஈரத்துணி கட்டலாமா என்று சொல்ல எங்கள் தெருவில் ஓர் ஆள் இல்லை. பயமுறுத்தக் கூடாது என்று சொல்லாமல் விட்டார்களோ, சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லையோ. லூசியின் அம்மா ஜன்னலைத் திறந்த பக்கத்தைப் படித்தபோது எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. அவருக்குச் சொல்லாதவர்கள்மேல்தான் வந்தது.

பெரம்பூர் எம்.ஏ.

எண்ணூர் அண்ணா எழுதியதற்குப் பிறகு மாணவியின் வாதம் எனக்கு இன்னும் கனமாகத் தெரிகிறது. ஆனால் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. கடைசிப் பகுதியில் மறுபடியும் மினாவிடம் திட்டத்தை மறைக்கிறார்கள், அந்த முறை அது சரியாகவே அமைகிறது. டிராகுலாவுக்கும் அவள் மனசுக்கும் தொடர்பு இருப்பதால் அவளுக்குத் தெரிந்தால் அவனுக்கும் தெரியும். அப்போது உன் வாதம் என்ன ஆகும்?

தண்டையார்பேட்டை மாணவி

நல்ல கேள்வி அக்கா, இதற்காகவே அந்த அத்தியாயங்களைத் திரும்ப எடுத்தேன். இரண்டாம் முறை "எனக்கு எதுவும் சொல்லாதே" என்று ஹார்க்கரிடம் சத்தியம் வாங்குவது மினாவே. காரணமும் அவளுக்குத் தெரியும். முதல் முறை அவளைக் கேட்காமல் முடிவு செய்தார்கள். விடியும் முன் தன்னை ஹிப்னாடிச மயக்கத்தில் ஆழ்த்தி, அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்கச் சொன்னதும் அவள்தான். அலைச் சத்தம் கேட்கிறது, கப்பலில் இருக்கிறான் என்று அதில்தான் தெரிய வந்தது. அப்புறம் கலாட்ஸில் எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது மறுபடி காகிதங்களை அவள் கையில் கொடுக்கிறார்கள். வரைபடத்தை வைத்துக்கொண்டு, எந்த ஆற்று வழியாகப் பெட்டி போகும் என்று எழுதிக் கொடுக்கிறாள். அதுதான் சரியான வழி. அவளைக் கேட்டு மறைத்ததும் பிழைத்தது, அவளிடம் திறந்து கொடுத்ததும் பிழைத்தது. கேட்காமல் மறைத்தது மட்டும்தான் உயிரை வாங்கியது.

ஸ்டோக்கர் இதை நினைத்துத்தான் எழுதினாரா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பக்கத்தில் இருக்கிறது. செமினாருக்கு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

காசிமேடு அண்ணா, ஸ்வேல்ஸை நானும் தாண்டிப் போகவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன மாதிரி வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன்.

பழைய புத்தகம்

செமினாருக்கு முன்னால் ஷெரிடன் லெ ஃபானுவின் கார்மில்லாவையும் படித்துவிடு. 1872இல் புத்தகமானது, இரண்டு உட்காரலில் முடிந்துவிடும். அதில் வேட்டையாடுவதும் பெண், சொல்வதும் பெண். அதிலும் மகளுக்கு என்ன நோய் என்று மருத்துவர் அப்பாவிடம் சொல்கிறார், மகளிடம் சொல்வதில்லை. உன் வாதத்துக்கு இன்னொரு சாட்சி. இரண்டுமே காப்புரிமை முடிந்தவை, குட்டன்பெர்க் தளத்தில் போனிலேயே இலவசமாகக் கிடைக்கும்.

ராயபுரம் கிளியரிங்

தங்கச்சி, செமினாரில் 50 பெட்டிக் கணக்கைப் போர்டில் எழுதிக் காட்டு. பில் ஆஃப் லேடிங் எப்படி இருக்கும் என்று பசங்களுக்குக் காட்ட வேண்டுமென்றால் கம்பெனி பெயர் இல்லாத வெற்றுப் படிவம் ஒன்று தருகிறேன்.

தண்டையார்பேட்டை மாணவி

கட்டாயம் வேண்டும் அண்ணா. ஸ்டெனோ அக்கா, உங்களால் முடிந்தால் ஹார்க்கரின் முதல் வரியை மட்டும் சுருக்கெழுத்தில் எழுதி ஒரு படம் போடுங்கள், டிராகுலா எதைப் பார்த்து முழித்தான் என்று வகுப்பில் காட்டலாம்.